கரையோரம் கேட்ட கேள்விகள்

— அந்தப் பூட்ஸை வாசல்லயே கழட்டு அக்கா. இப்பதான் தொடைச்சேன். தரையெல்லாம் சேறு.

— சேறு இல்ல சுண்டு.

— பின்ன?

— உக்காரு, சொல்றேன்.

— என்ன ஆச்சு? முகமே சரியில்லையே. ரேஞ்சர் மறுபடியும் கத்தினாரா?

— முதல்ல அந்த லேப்டாப்பை மூடு.

— ரெண்டே நிமிஷம் அக்கா. நாலாவது குட்டியைப் பத்தி எழுதிட்டிருக்கேன். முந்தாநாள் பாத்தோமே, அம்மா கழுத்தைக் கவ்வி இழுக்க இழுக்க, அது நாலு காலையும் ஊனிக்கிட்டு வரமாட்டேன்னு அடம் பிடிச்சுச்சே, அதைத்தான். தலைப்புகூட வெச்சாச்சு. ‘தண்ணீருக்குப் பயந்த நீர்நாய்.’ எப்படி இருக்கு?

— எழுதாத.

— ஏன், தலைப்பு நல்லா இல்லையா?

— அது செத்துப் போச்சுடி.

— எது?

— அம்மாவும் செத்துப் போச்சு. அதுவும் செத்துப் போச்சு.

— விளையாடாத அக்கா.

— என்னைப் பாத்தா விளையாடற மாதிரியா இருக்கு? கேளு. அம்மா கம்பிச் சுருக்குல மாட்டிக்கிச்சு. இடுப்புல. இழுத்திருக்கு, கடிச்சிருக்கு, கம்பி அறுபடலன்னு தன் காலையே... வேணாம், அவ்வளவுதான். காலைல ஆறு மணிக்கு நான்தான் பாத்தேன். நான்தான் கம்பியை வெட்டி எடுத்தேன். பூட்ஸ்ல இருக்கறது அதுதான்.

— குட்டிங்க?

— தண்ணி கொஞ்சம் கொடு.

— குட்டிங்க அக்கா? நாலும் எங்க?

— மூணைத் தூக்கிட்டுப் போயிட்டானுங்க. நாலாவது வளைக்குள்ள கிடந்துச்சு. மேலேருந்து கடப்பாரை போட்டுத் தோண்டியிருக்கானுங்க, மண்ணு சரிஞ்சு விழுந்திருக்கு.

— அந்தப் பயந்தாங்கொள்ளிதானா? நல்லாப் பாத்தியா? எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும்.

— மூக்குல வெள்ளைப் புள்ளி இருந்துச்சு சுண்டு.

— ஐயோ.

— அழு. அழுதுட்டுக் கேளு. இன்னும் இருக்கு.

— அப்பா நீர்நாய் என்ன ஆச்சு? அதையும் கொன்னுட்டாங்களா?

— இல்ல. அது விடியறதுக்கு முன்னாடியே மீனுக்குப் போயிருந்துச்சு. திரும்பி வந்து பாத்திருக்கு. இந்தக் கரைக்கு வருது, சீழ்க்கை அடிக்குது, தலையைத் தூக்கிக் கேக்குது. பதில் வரலன்னதும் அந்தக் கரைக்குப் போகுது. மறுபடியும் வருது. நான் ஆபீசுக்குக் கிளம்பற வரைக்கும் இதேதான். படகுக்காரர் காதைப் பொத்திக்கிட்டு உக்காந்துட்டார். அறுபது வயசு ஆம்பள, குழந்தை மாதிரி.

— எப்படித் தெரிஞ்சுச்சு அவனுங்களுக்கு? யாருக்கும் தெரியாத இடமாச்சே அது! உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், ரேஞ்சர், படகுக்காரர். நாலே பேர்.

— ரேஞ்சரும் அதையேதான் சொன்னார். நாலே பேர்னு ஒவ்வொரு விரலா மடக்கினார். மடக்கி முடிச்சுட்டு என்னைப் பாத்தார்.

— உன்னையா? ஏழு வருஷமா அந்த ஆத்தைச் சுத்திச் சுத்தி வர்றே நீ!

— ஏழு வருஷமா தற்காலிக வாட்ச்சர். தற்காலிகத்தை சந்தேகப்படறது யாருக்கும் கஷ்டமா இருக்காது சுண்டு. அவரைத் தப்பு சொல்ல முடியாது. பரம்பரைப் பகையா என்ன? மேலிடத்துக்கு ஒரு பேர் எழுதணும் அவருக்கு.

— நான் வர்றேன். நான் வந்து சொல்றேன் அவர்கிட்ட.

— என்ன சொல்லுவே?

— எங்க அக்கா அப்படிப்பட்டவ இல்லன்னு.

— அதைச் சொல்ல வேண்டிய அவசியம் ஒன்பது மணிக்கே போயிடுச்சு. செக்போஸ்ட்ல ஒரு வேனை நிறுத்தியிருக்காங்க. உள்ள இருந்த ரெண்டு பேரும் குதிச்சு ஓடிட்டானுங்க. வண்டில ஒரு மீன் பெட்டி. மீனும் இல்ல, ஐஸும் இல்ல, அடில கிழிஞ்ச சாக்கு விரிச்சிருக்கு. அதுல முடி ஒட்டியிருந்துச்சு.

— குட்டிங்க கிடைச்சிடுச்சா?

— இல்ல. அதுக்குள்ள வேற வண்டிக்கு மாத்திட்டானுங்க. இந்நேரம் ரொம்ப தூரம் போயிருக்கும். யாரோ பணக்காரன் வீட்டுக் குளியல் தொட்டில மூணு நாள் நீந்தும். பால் சரியா ஒத்துக்காது. அப்புறம்... அவ்வளவுதான். உனக்கே தெரியும், நீதான் இதைப் பத்தியெல்லாம் எழுதியிருக்கியே.

— எழுதியிருக்கேன். ‘பத்தில் எட்டுக் குட்டிகள் வழியிலேயே இறந்துவிடுகின்றன’ன்னு எழுதினேன். எங்கேயோ படிச்சு எழுதினேன் அக்கா. இதுங்களுக்கே எழுதினேன்னு எனக்கு எப்படித் தெரியும்?

— வேன்ல ஒரு பை இருந்துச்சு. ரெண்டு சுருக்கு, தோல் கையுறை ஒரு ஜோடி. ஒரு காகிதக் கட்டு.

— என்ன காகிதம்?

— ரேஞ்சர் நகல் எடுத்துக் கொடுத்தார். இந்தா. வீட்டுக்குப் போய் உன் தங்கச்சிகிட்ட காட்டுன்னார்.

— ‘இன்னும் இருக்கிறோம். அழிந்துவரும் உயிர்களுக்காக ஒரு மாணவர் வலைப்பூ.’ அக்கா, இது என் பிளாக்.

— ஆமா.

— என் பிளாக்கையா பிரிண்ட் எடுத்து வெச்சிருந்தானுங்க?

— பதினாலு பக்கம்.

— இதுவரைக்கும் யாருமே என் பிளாக்கை பிரிண்ட் எடுத்ததில்ல... ச்சே, நான் என்ன பேசறேன்.

— பரவாயில்ல. படி.

— இல்ல இல்ல, இதுல எதுவுமே இல்ல அக்கா. சத்தியமா இல்ல. ஆரம்பத்துலயே மிஸ் எங்க அஞ்சு பேரையும் உக்கார வெச்சுச் சொன்னாங்க. ஊர் பேர் கூடாது, ஆத்துப் பேர் கூடாது, படத்துக்குள்ள இடக் குறிப்பு ஒளிஞ்சிருக்கும், அதை அழிச்சுட்டுத்தான் போடணும்னு. நான் ஒண்ணு விடாம அழிச்சேன். வேணும்னா எந்தப் படத்தை வேணும்னாலும் எடுத்துப் பாரு. மத்த நாலு பேர் என்ன பண்ணாங்க? ஒருத்தன் டைனோசரைக் காப்பாத்தணும்னு எழுதினான். மார்க் வந்ததும் எல்லாரும் கழண்டுக்கிட்டாங்க. நான் ஒருத்திதான் விடாம எழுதினேன், ஒழுங்கா எழுதினேன். அதுக்கு இதுவா?

— நீ போட்ட படத்துல தப்பு இல்ல. கட்டுரைலயும் தப்பு இல்ல. சிவப்பு மைல அடிக்கோடு போட்டிருக்கானுங்க பாரு. அதை மட்டும் படி.

— ‘நாங்கள் உட்கார்ந்து பார்க்கிற பாலத்தின் மூன்றாவது தூண் கொஞ்சம் சாய்ந்திருக்கும். அதன் மேல்தான் மீன்கொத்தி வந்து உட்காரும்.’ இது மீன்கொத்திக்காக எழுதினது அக்கா!

— தூண் சாஞ்ச பாலம் இந்தப் பக்கத்துல எத்தனை இருக்கு?

— ஒண்ணு.

— அடுத்தது.

— ‘பாலத்திலிருந்து நூற்றுப் பத்து காலடி. நான் எண்ணியிருக்கிறேன்.’

— அடுத்தது.

— ‘விழுந்துகிடக்கும் மரத்தின் வேருக்கு அடியில் ஒரு வாசல். தண்ணீருக்குக் கீழே இன்னொரு வாசல் இருக்கிறது. ஆபத்து என்றால் அம்மா அதன் வழியாகத்தான் தப்பிக்கும். எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்!’

— சுருக்கு அந்தக் கீழ் வாசல்லதான் இருந்துச்சு சுண்டு.

— ...அக்கா.

— மேலேருந்து தோண்ட ஆரம்பிச்சதும் அது நீ எழுதின மாதிரியே கீழ்வழியா ஓடிருக்கு.

— போதும். எடுத்துட்டுப் போ இதை.

— இன்னும் ஒண்ணு இருக்கு. கடைசிப் பக்கம். அதுக்கு மட்டும் ரெண்டு கோடு.

— நீயே படி. எனக்குக் கண்ணு தெரியல.

— ‘எங்கள் காவலர் இரவெல்லாம் கீழ்க்கரையில் இருப்பார். ஐந்து மணிக்கு மேல்கரைக்கு நடந்து போய், அங்கே இருக்கும் ஆமைக்குஞ்சுக் கூண்டுகளைப் பார்த்துவிட்டு, ஆறு மணிக்குத் திரும்புவார். மழையோ காய்ச்சலோ, ஒருநாளும் இது மாறியதில்லை.’

— உன்னைப் பெருமையா எழுதினேன்.

— தெரியும்.

— மழையோ காய்ச்சலோன்னு எழுதினேன். போன மழைல உனக்கு நூத்தி மூணு காய்ச்சல். போகாதேன்னு நான் கதவுல நின்னு மறிச்சேன், கையைத் தட்டிவிட்டுட்டுப் போனியே. அதை நினைச்சுத்தான் எழுதினேன்.

— தெரியும்டி. எத்தனை தடவை படிச்சிருக்கேன்.

— நான்தான் கொன்னேன். நான்தானே? வழியைச் சொல்லி, வாசலைச் சொல்லி, நேரத்தைச் சொல்லி... காவல் இல்லாத ஒரு மணி நேரத்தையும் சொல்லி. நானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் விட்ட மாதிரி.

— அப்படிச் சொல்லாத.

— வேற எப்படிச் சொல்றது? இரு. இரு அக்கா. இந்தக் காகிதத்தைக் கொடு. இங்க பாரு. இதெல்லாம் நான் கட்டுரைல எழுதினது இல்லையே. எல்லாமே கீழே கமெண்ட்ல. அடிக்கோடு போட்டது ஒவ்வொண்ணும் நான் போட்ட பதில்.

— ஆமா.

— எல்லாம் ஒரே ஆளுக்குப் போட்ட பதில்.

— ஆமா.

— கரையோரம்! அந்தப் பேர்ல கமெண்ட் போடற ஆள்தான் கேட்டது இதையெல்லாம்! ‘நீங்கள் எங்கிருந்து பார்க்கிறீர்கள்?’ அதுக்குத்தான் பாலத்தைச் சொன்னேன். ‘வளை அவ்வளவு கிட்டத்திலா இருக்கிறது?’ காலடியை எண்ணிச் சொன்னேன். ‘ஆபத்து வந்தால் அந்தத் தாய் என்ன செய்யும்?’ பாரு, கேள்வியைப் பாரு அக்கா! எவ்வளவு அக்கறையா கேட்டிருக்கான் பாரு!

— அந்த ஆளை விடு இப்ப.

— எப்படி விடறது? அந்த ஆள் யாருன்னு உனக்குத் தெரியுமா? எனக்கு இருந்த ஒரே வாசகர். எட்டு மாசமா ஒரே ஒருத்தர். அதுக்கு முன்னாடி ஒரு நாளைக்கு ரெண்டு பேர் பாத்ததா காட்டும். ஒண்ணு நான். இன்னொண்ணும் நான்தான், மிஸ்ஸோட கம்ப்யூட்டர்லருந்து. எனக்கு மனசு விட்டுப் போயிருந்துச்சு. முழுசா மூடிடலாம்னு இருந்தேன். அன்னிக்குப் பாத்து வந்துச்சு முதல் கடிதம். ‘அன்புள்ள மாணவிக்கு, நீர்நாய் தூங்கும்போது ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொள்ளும் என்பது உண்மையா?’ன்னு. நான் இந்த அறை முழுக்கக் குதிச்சேன். உன்கிட்ட சத்தமா படிச்சுக் காட்டினேன், நீகூட சிரிச்சே.

— சிரிச்சேன்.

— நான் என்னவெல்லாம் நினைச்சு வெச்சிருந்தேன் தெரியுமா? ரிட்டயரான மனுஷன். வீட்ல யாரும் கிடையாது. ஒரு வயசான பூனை. கண்ணாடியை மூக்கு நுனில வெச்சுக்கிட்டு ஒத்தை விரலால தட்டித் தட்டி எழுதறார்னு. எழுத்துப் பிழை வரும் அக்கா அவருக்கு. நானா திருத்திக்கிட்டுப் படிப்பேன்.

— ம்.

— நான் எதைப் புதுசா கண்டுபிடிக்கிறேனோ, சரியா அதையே கேப்பார். மனசுக்குள்ள புகுந்து பாத்த மாதிரி. அந்தக் கீழ் வாசலை அன்னிக்குத்தான் பாத்துட்டு ஓடி வந்து உன்கிட்ட கத்தினேன். மறுநாளே கேள்வி வந்துச்சு, ஆபத்து வந்தா அம்மா என்ன செய்யும்னு. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. எனக்காகவே பிறந்த வாசகர்னு நினைச்சேன்.

— சுண்டு, கொஞ்சம் நான் சொல்றதைக் கேளு.

— கல்லூரிக் கண்காட்சிக்குக் கூப்பிட்டேனே, ஞாபகம் இருக்கா? முதல் வரிசைல ஒரு நாற்காலிமேல என் பையை வெச்சு, யாரையும் உக்கார விடாம பிடிச்சு வெச்சிருந்தேன். வரல. ‘முழங்கால் வலி, அவ்வளவு தூரம் நடக்க முடியாது, மன்னிக்கவும்’னு எழுதினார். அந்த முழங்காலுக்காக நான் கவலைப்பட்டேன் அக்கா! எண்ணெய் பேர்கூட எழுதி அனுப்பினேன். அந்த முழங்காலை வெச்சுக்கிட்டுத்தான் கடப்பாரையைத் தூக்கிட்டு வந்து...

— கரையோரம் வரல அங்க.

— உனக்கு எப்படித் தெரியும்?

— கேட்டவங்களும் தோண்டினவங்களும் ஒரே ஆளா இருக்கணும்னு இல்லையே. நீ போடற பதில் எல்லாருக்கும் தெரியற மாதிரிதானே இருக்கு? போன மாசம் வியூஸ் நாப்பது ஆச்சுன்னு சொன்னியே.

— நாப்பத்தி மூணு. மிஸ்கிட்ட ஓடிப் போய்ச் சொன்னேன். மிஸ் நோட்டீஸ் போர்டுல ஒட்டினாங்க.

— அந்த நாப்பத்தி மூணும் ஒரே ஆள் நாப்பத்தி மூணு தடவை பாத்ததா இருந்தா? ஒரு வார்த்தை பேசாம, ஒரு கேள்வி கேக்காம. அவனுக்கு எதுக்குக் கேள்வி? அவனுக்கு வேண்டியதைத்தான் வேற ஒருத்தர் கேட்டுக் கொடுத்துட்டிருந்தாங்களே.

— நீ ஏன் அவனுக்கு வக்காலத்து வாங்கறே?

— வாங்கல.

— வாங்கறே. உன் வேலை போகப் போகுது, உன் பேர் கெடப் போகுது, நீ அந்த ஆளுக்காகப் பேசிட்டிருக்கே.

— வேலை போயாச்சு. நாளைலருந்து வர வேண்டாம்னுட்டார். இந்தக் குவார்ட்டர்ஸை மாசக் கடைசிக்குள்ள ஒப்படைக்கணும். நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை.

— அக்கா! இதை இவ்வளவு நேரம் சொல்லவே இல்ல நீ!

— அதுக்கு முன்னாடி சொல்ல வேண்டியது நிறைய இருந்துச்சு.

— உன் மேல என்ன தப்பு? நான் எழுதினேன். தண்டனை எனக்குத்தான் வரணும்.

— நீ படிக்கிற புள்ள. கேட்டதுக்குப் பதில் சொன்னே. உன்னைப் பாத்துக்க வேண்டியவ நான். ஒவ்வொரு பதிலும் போட்டதும் நான் படிச்சேன் சுண்டு. ஏழு வருஷமா புதுசா வர்ற பசங்களுக்கெல்லாம் பாடம் எடுக்கறவ நான். வேட்டைக்காரன் எப்படி யோசிப்பான், எதை மோப்பம் பிடிப்பான், எந்த ஒரு சின்ன விஷயம் அவனுக்குப் போதும்னு. பாலத்தைப் பத்தி நீ எழுதினப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

— ஏன் உறைக்கல?

— நான் வாட்ச்சரா படிக்கல. அக்காவா படிச்சேன். என் தங்கச்சி எவ்வளவு அழகா எழுதறான்னு வாயைப் பிளந்துக்கிட்டு படிச்சேன். அவ்வளவுதான்.

— அப்ப ரெண்டு பேருமே முட்டாளுங்க. அவன் ஒருத்தன்தான் கெட்டிக்காரன். சரி, விசாரணைக்கு நானும் வர்றேன். கரையோரம் கேட்ட கேள்வி எல்லாத்தையும் தேதி வாரியா எடுத்துட்டு வர்றேன். முதல்ல அவனைப் பிடிக்கட்டும்.

— பிடிச்சுடுவாங்க. ரேஞ்சர் போலீசுக்கு எழுதிப் போட்டாச்சு. அந்தப் பேர்ல எழுதினது யாரு, எந்தப் போன்லருந்துன்னு ரெண்டு நாள்ல தெரிஞ்சுடும்னார்.

— நல்லது! விலங்கு மாட்டி இழுத்துட்டுப் போகட்டும். நான் நேர்ல பாக்கணும் அந்த முகத்தை. பாத்து ஒண்ணே ஒண்ணு கேக்கணும்.

— என்ன கேப்பே?

— இரு. போலீஸ் வரைக்கும் எதுக்கு? இப்பவே கேக்கறேன். லேப்டாப் எங்க?

— வேணாம் சுண்டு.

— தள்ளு அக்கா. எட்டு மாசம் பதில் சொல்லிட்டேன், ஒரு தடவை நான் கேள்வி கேக்கறேன்.

— இப்ப எழுதாத, அப்புறம் எழுதிக்கலாம்.

— இப்பவே எழுதணும். நீ தண்ணியைக் குடி. கையைக் கழுவிட்டு வா. நகத்துலயெல்லாம் இருக்கு.

— போகல. தேய்ச்சுப் பாத்துட்டேன்.

— ...முடிச்சுட்டேன்.

— அனுப்பிட்டியா?

— இன்னும் இல்ல.

— எனக்குப் படிச்சுக் காட்டு.

— எதுக்கு?

— எல்லாத்தையும் என்கிட்ட படிச்சுக் காட்டிட்டுத்தானே போடுவே. இதையும் படி. நான் கேக்கணும்.

— சரி, கேளு. ‘கரையோரம் அவர்களுக்கு. உங்கள் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்ன மாணவி எழுதுகிறேன். அந்தத் தாய் இன்று காலை இறந்துவிட்டது. நான் உங்களுக்குச் சொன்ன வாசலில் இறந்தது. நாலாவது குட்டிக்குத் தண்ணீர் என்றால் பயம். இனிமேல் அது பயப்பட வேண்டியதில்லை. அப்பா இப்போதும் ஆற்றில் தேடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் திரும்பிப் போகும்போது கேட்டிருப்பீர்கள், அதன் குரல் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.’

— ம். மேல படி.

— ‘நான் உங்களை நல்லவர் என்று நினைத்தேன். உங்களுக்காக ஒரு நாற்காலியைப் பிடித்து வைத்திருந்தேன். யாருமே படிக்காத என் எழுத்தை நீங்கள் ஒருவர் படித்ததால்தான் நான் நிறுத்தாமல் எழுதினேன். நீங்கள் படிக்காமல் இருந்திருந்தால் நான் அன்றைக்கே நிறுத்தியிருப்பேன். அவை ஐந்தும் உயிரோடு இருந்திருக்கும்.’ ஏன் அக்கா, அழறியா?

— இல்ல. நிறுத்தாத, படி.

— ‘மற்ற கேள்விகளைக்கூட மன்னித்துவிடலாம். நீர்நாயைப் பற்றித் தெரிந்துகொள்ள யாருக்கும் ஆசை வரலாம். ஆனால் கடைசியாக ஒன்று கேட்டீர்களே, “அந்த ஆற்றுக்குக் காவல் யாராவது உண்டா? அவரைப் பற்றியும் எழுதுங்களேன்” என்று. அவள் என் அக்கா. அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள். அவளைப் பற்றி எழுதச் சொன்ன முதல் ஆள் நீங்கள்தான் என்று நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? அவள் எப்போது அங்கே இருக்க மாட்டாள் என்று தெரிந்துகொள்ளத்தானே கேட்டீர்கள்? ஒரே ஒரு வரி பதில் போடுங்கள். ஏன் கேட்டீர்கள்?’ அவ்வளவுதான் அக்கா. அனுப்பவா?

— அனுப்ப வேணாம் சுண்டு, பதிலை நானே சொல்லிடறேன்: இதைப் படிக்க ஒரு ஆள்கூட இல்லையேன்னு நீ தலையணைல முகத்தைப் புதைச்சுக்கிட்டுக் கிடந்த அன்னிக்கு, மனசு கேக்காம அந்தப் பேரை நான்தான் வெச்சுக்கிட்டு முதல் கேள்வி கேட்டேன்... காவல்காரியைப் பத்திக் கேட்டது மட்டும் உனக்காக இல்ல, என்னைப் பத்தி நீ என்ன எழுதுவேன்னு படிக்க எனக்கு ஆசையா இருந்துச்சு.